பால்டர்ஸ் கேட் 3-இல் நெருங்கி அடிக்கும் ரோக்: லெவல் 1 முதல் 12 வரை படிப்படியாக

பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமில், வில்லோடு தூரத்தில் நின்று அம்பு விடும் ரோக் (திருடன் வகைப் பாத்திர வகுப்பு) யாருக்கும் சீக்கிரம் கைவந்துவிடும். இரண்டு ஷார்ட்ஸ்வேர்டுகளோடு எதிரியின் முகத்துக்கு நேரே போய் நிற்கும் ரோக்தான் புதியவர்களைப் படாத பாடு படுத்துகிறது. முதல் சண்டையில் ஓடிப்போய் ஒரு வெட்டு வெட்டுவார்கள். ஐந்தாறு புள்ளி குறையும். அடுத்த முறை (டர்ன்) வருவதற்குள் தரையில் கிடப்பார்கள். அப்புறம் "இது வேலைக்கு ஆகாது, ஃபைட்டரே போதும்" என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

கோளாறு பெரும்பாலும் ஆயுதத்தில் இருப்பதில்லை, வரிசையில் இருக்கிறது. ரோக்கின் பலம் முழுக்க ஸ்னீக் அட்டாக் என்ற ஒரே அடியில் அடங்கியிருக்கிறது. அந்த அடி ஒவ்வொரு முறையும் விழும்படி எண்கள், ஃபீட் (சில லெவல்களில் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்), கூட்டாளிகள், நிற்கும் இடம் எல்லாவற்றையும் அமைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த ஒரு நோக்கத்துக்காகத்தான். சில இடங்கள், பொருட்களின் பெயர்கள் வரும். கதையைச் சொல்லவில்லை.

1. தொடங்கும் முன்

பேலன்ஸ்டு கடினநிலையில் ஆடுங்கள். எளிய நிலையான எக்ஸ்ப்ளோரரில் மல்டிகிளாஸ் (ஒரே பாத்திரத்தில் பல வகுப்புகளைக் கலப்பது) கிடையாது. 8-ஆம் படியில் சொல்லும் கலவை அதில் நடக்காது.

ரோக்காக உங்கள் சொந்தப் பாத்திரத்தை உருவாக்கலாம். அல்லது ரோக்காகவே வந்து சேரும் அஸ்டேரியனை இதே வழியில் வளர்க்கலாம். இரண்டு பேரும் ரோக்காக இருக்க வேண்டாம். ஒரே பூட்டைத் திறக்க இரண்டு பேர் எதற்கு?

கூட்டத்தில் முன்னால் நின்று அடி வாங்கக்கூடிய ஒருவர் கட்டாயம் வேண்டும். லேஸெல், கார்லாக், கவசம் போட்ட ஷேடோஹார்ட், யாராக இருந்தாலும் சரி. ஏன் கட்டாயம் என்பது அடுத்த படியில் புரியும்.

தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்ற பயமும் வேண்டாம். கேம்பில் இருக்கும் விதர்ஸிடம் 100 தங்கக் காசு கொடுத்தால் வகுப்பு, எண்கள், ஃபீட் எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். கூட்டாளிகளுக்கும் இப்படிச் செய்யலாம். இனத்தை மட்டும் மாற்ற முடியாது.

2. ஸ்னீக் அட்டாக் எப்போது விழும்: முதலில் இதைப் படியுங்கள்

பெயரில் "ஸ்னீக்" இருப்பதால் ஒளிந்திருந்தால்தான் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒளிவது ஒரு வழி மட்டுமே. நெருங்கி அடிப்பவருக்கு அது முக்கிய வழிகூட இல்லை.

கையில் இருப்பது ஃபினெஸ் ஆயுதமாக (ஸ்ட்ரெங்த்துக்குப் பதில் டெக்ஸ்டெரிட்டியால் வீசக்கூடியது) இருக்க வேண்டும். டேகர், ஷார்ட்ஸ்வேர்டு, ரேப்பியர், சிமிட்டார் எல்லாம் ஃபினெஸ் வகை. (வில், கிராஸ்போவிலும் விழும், ஆனால் அது நம் கதை இல்லை.) லாங்ஸ்வேர்டு, கிரேட்ஸ்வேர்டு எடுத்தால் ஸ்னீக் அட்டாக் அடியோடு போய்விடும்.

அடுத்து, இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். அந்த எதிரியை அடிக்க உங்களுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) இருக்க வேண்டும். இல்லையென்றால், உங்கள் கூட்டாளி ஒருவர் அந்த எதிரிக்கு 1.5 மீட்டருக்குள் நிற்க வேண்டும், உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜும் (இரண்டில் சிறியதை எடுப்பது) இருக்கக் கூடாது.

இந்த இரண்டாவது வழியில்தான் இந்த பில்டே நிற்கிறது. லேஸெல் போய் எதிரியின் பக்கத்தில் நின்றால் போதும். நீங்கள் ஒளிய வேண்டாம், பின்னால் சுற்றி வர வேண்டாம், மந்திரம் வேண்டாம். நேராகப் போய் வெட்டலாம்.

எதிரியின் முதுகுப் பக்கம் நிற்பதால் தனியாக எந்த லாபமும் இல்லை. சண்டை நடுவில் சுற்றி வளைத்து முதுகுக்குப் போகிறேன் என்று நடந்து, வழியில் இருந்த இரண்டு பேரிடமும் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகிப் போகும்போது எதிரி அடிக்கும் அடி) வாங்கி வந்து நிற்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

டிஸ்அட்வான்டேஜ் எங்கிருந்து வரும்? விஷம் ஏறிய நிலை, பயந்த நிலை, கண் தெரியாத நிலை, பழக்கமில்லாத கவசம். ரோக்குக்கு லைட் ஆர்மர் மட்டும்தான் பழக்கம். பளபளவென்று இருக்கிறதே என்று பெரிய கவசத்தை மாட்டிவிட்டு, ஏன் அடி விழவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கும்.

ஒரு முறைக்கு ஒரே ஒரு ஸ்னீக் அட்டாக்தான். லெவல் 1-இல் 1டி6 (ஆறு முகப் பகடை ஒன்று), லெவல் 3-இல் 2டி6, அப்படியே ஒற்றைப்படை லெவல்தோறும் ஒரு பகடை கூடி லெவல் 11-இல் 6டி6 ஆகும். இது ரோக் வகுப்பில் மட்டும் ஏறிய லெவலின் கணக்கு, மொத்த லெவல் இல்லை.

3. எண்களைப் பிரித்தல்

27 புள்ளிகளும், மேலே வைக்க ஒரு +2, ஒரு +1-ம் கிடைக்கும். நான் சொல்லும் பிரிப்பு இது: ஸ்ட்ரெங்த் 8, டெக்ஸ்டெரிட்டி 17, கான்ஸ்டிட்யூஷன் 16, இன்டெலிஜென்ஸ் 8, விஸ்டம் 14, கரிஸ்மா 10. அதாவது டெக்ஸ்டெரிட்டியை 15 வரை வாங்கி +2, கான்ஸ்டிட்யூஷனை 15 வரை வாங்கி +1.

டெக்ஸ்டெரிட்டி அடி விழும் வாய்ப்புக்கும், சேதத்துக்கும், ஆர்மர் கிளாஸுக்கும், ஸ்டெல்த்துக்கும் உதவும். இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் இனிஷியேட்டிவ். இந்த கேமில் அதற்கு உருட்டுவது நான்கு முகப் பகடை, 1டி4. பகடையே இவ்வளவு சின்னதாக இருப்பதால், டெக்ஸ்டெரிட்டியிலிருந்து வரும் +3, +4-தான் யார் முதலில் என்பதைத் தீர்மானிக்கிறது.

டெக்ஸ்டெரிட்டி ஒற்றைப்படையாக 17-இல் நிற்பதைப் பார்த்துச் சிலர் பதறி 16-க்கு இறக்கிவிடுவார்கள். வேண்டாம். லெவல் 4-இல் 2 கூட்டினால் 19. ஆக்ட் 1-இல் ஆன்ட்டி எதெல் விவகாரத்தைச் சரியாகக் கையாண்டால் ஏதாவது ஒரு எண்ணில் நிரந்தரமாக 1 கூட்டிக்கொள்ளலாம். 17, 19, 20. ஒரே ஒரு ஃபீட் செலவில் உச்சம் தொட்டாயிற்று.

கான்ஸ்டிட்யூஷன் 16 ஏன்? தூரத்தில் நிற்கும் ரோக் 14-இல் தப்பித்துவிடுவார், நீங்கள் அடி வாங்கும் தூரத்தில் நிற்கப் போகிறீர்கள். இந்த எண்ணோடு லெவல் 5 ரோக்குக்கு 43 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). அதே லெவலில், அதே கான்ஸ்டிட்யூஷனில் ஃபைட்டருக்கு 49. ஆறு புள்ளிதான் வித்தியாசம், சமாளிக்கலாம்.

விஸ்டம் 14 பொறிகளைக் கண்ணில் காட்டும். மனதை மயக்கும் மந்திரங்கள் பலவற்றுக்கும் விஸ்டம் சேவ்தான் (மந்திரத்தைத் தடுக்க உருட்டும் பகடை, சேவிங் த்ரோ) எதிர். ஸ்ட்ரெங்த் 8-க்கு ஒரு விலை உண்டு: தாவும் தூரம் குறையும், மூட்டை சீக்கிரம் நிறையும். கண்டதையெல்லாம் பொறுக்கிப் போடுபவராக இருந்தால் பெட்டி பெட்டியாக லேஸெலிடம் தள்ளிவிடுங்கள்.

இனம் எதுவானாலும் பாதகமில்லை. வுட் எல்ஃப் எடுத்தால் வழக்கமான 9 மீட்டருக்குப் பதில் 10.5 மீட்டர் நடை, ஸ்டெல்த்தும் இலவசம். நெருங்கிப் போக வேண்டியவருக்கு அந்த ஒன்றரை மீட்டர் பல சண்டைகளில் உயிர் காக்கும். ஹாஃப்லிங்குக்கு 1 விழுந்தால் திரும்ப உருட்டும் அதிர்ஷ்டம் உண்டு, ஆனால் நடை 7.5 மீட்டர்தான். முதல் ஆட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எக்ஸ்பர்டீஸ் (ஒரு திறமையின் தேர்ச்சி போனஸை இரட்டிப்பாக்குவது) இரண்டையும் ஸ்டெல்த், ஸ்லைட் ஆஃப் ஹேண்டில் போடுங்கள். சண்டைக்கு முதலாவது, பூட்டுக்கும் பாக்கெட்டுக்கும் இரண்டாவது. லெவல் 6-இல் இன்னும் இரண்டு கிடைக்கும், அதில் ஒன்று பெர்செப்ஷனுக்கு.

4. லெவல் 1, 2: இரண்டு ஆயுதம், இரண்டு அமைப்பு

இரண்டு கையிலும் ஷார்ட்ஸ்வேர்டு. இரண்டும் லைட் வகை என்பதால் ஃபீட் இல்லாமலே ஒன்றாகப் பிடிக்கலாம். ரேப்பியர் லைட் வகை அல்ல, அதைச் சேர்த்துப் பிடிக்க டூயல் வீல்டர் ஃபீட் வேண்டும். 1டி8-க்கும் 1டி6-க்கும் சராசரியில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். அதற்காக ஒரு ஃபீட்டைக் கொடுக்காதீர்கள்.

இடது கை அடியில் டெக்ஸ்டெரிட்டி சேதம் சேராது என்பது உண்மைதான். அப்படியிருக்க ஏன் இரண்டு? கணக்கைப் பாருங்கள். அடி விழும் வாய்ப்பு 65 சதவீதம் என்று வையுங்கள். ஒரே வாள் என்றால் 35 சதவீதம் ஸ்னீக் அட்டாக் காற்றோடு போகும். இரண்டு அடிக்கு வாய்ப்பிருந்தால், ஏதாவது ஒன்றாவது விழும் வாய்ப்பு ஏறக்குறைய 88 சதவீதம். மூன்று என்றால் 96-ஐ நெருங்கும். இடது கை வாளின் உண்மையான வேலை ஸ்னீக் அட்டாக்கை வீணாகாமல் பிடித்துக்கொள்வது. சேதம் கூடுதல் வரவு.

இதற்கு இரண்டு அமைப்புகளை உடனே மாற்றுங்கள்.

முதலாவது, ரியாக்‌ஷன்ஸ் தாவலில் ஸ்னீக் அட்டாக்கை இயக்கி, கேட்கும்படி வையுங்கள். இனி எந்த அடி விழுந்தாலும் "சேர்க்கவா?" என்று கேம் கேட்கும். ஹாட்பாரில் உள்ள ஸ்னீக் அட்டாக் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டிய வேலை இல்லை, சாதாரண அடியே போதும்.

இரண்டாவது, ஆயுதப் படங்களுக்குப் பக்கத்தில் இரு கை ஆயுதத்துக்கான சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அது இயங்கும் நிலையில் இருந்தால், நீங்கள் ஒரு அடி அடித்ததும் இடது கை அடியும் தானாகச் சேர்ந்து, முறைக்கு ஒன்றே கிடைக்கும் துணைச் செயலான போனஸ் ஆக்‌ஷனைத் தின்றுவிடும். அணைத்து வையுங்கள். "போனஸ் ஆக்‌ஷன் எங்கே போச்சு?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இந்தப் பொத்தான்தான்.

லெவல் 2-இல் கன்னிங் ஆக்‌ஷன் வரும். டேஷ், டிஸ்எங்கேஜ், ஹைட் மூன்றையும் போனஸ் ஆக்‌ஷனில் செய்யலாம். இனிமேல் உங்கள் போனஸ் ஆக்‌ஷனுக்குப் போட்டி அதிகம்: இடது கை அடி, விலகி ஓடுவது, தாவுவது, மருந்து குடிப்பது எல்லாம் அதே பையிலிருந்துதான். அடுத்த படியின் முடிவு இதை வைத்துத்தான்.

5. லெவல் 3: உட்பிரிவு

முதல் முறை ஆடுபவருக்குத் தீஃப். விளக்கம் ஒரே வரி: ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ், அதாவது ஒவ்வொரு முறையும் இரண்டு போனஸ் ஆக்‌ஷன். ஒன்றில் இடது கையால் அடித்து இன்னொன்றில் விலகலாம். இரண்டிலும் அடிக்கலாம். தாவிப் போய் அடிக்கலாம். மற்ற ரோக்குகள் தினமும் திணறும் இடத்தில் தீஃப்புக்குக் கையில் சில்லறை மிச்சம் இருக்கும்.

அசாசின் கேட்கக் கவர்ச்சியாக இருக்கும், சரியாகப் பயன்படுத்தினால் பயங்கரம்தான். அசந்த நிலையில் இருக்கும் எதிரியின் மேல் விழும் ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல். கிரிட்டிக்கலில் ஸ்னீக் அட்டாக் பகடைகளும் இரட்டிக்கும். லெவல் 5-இல் டெக்ஸ்டெரிட்டி +4 என்றால் அந்த முதல் வெட்டு 8டி6+4, சராசரி 32. அதோடு சண்டை தொடங்கியதும் ஆக்‌ஷனும் போனஸ் ஆக்‌ஷனும் திரும்ப வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், முக்கியமான சண்டைகள் பல பேச்சுவார்த்தையில்தான் தொடங்குகின்றன. அங்கே யாரும் அசந்திருப்பதில்லை. பதுங்கிப் போகும் பொறுமையும், சண்டையைத் தன் இஷ்டத்துக்குத் தொடங்கும் பழக்கமும் வந்தபிறகு அசாசினுக்கு மாறுங்கள். 100 காசுதானே.

ஸ்வாஷ்பக்லர் 2025 ஏப்ரலில் பேட்ச் 8-இல் வந்தது. நெருங்கிச் சண்டையிடவே செய்த பிரிவு. நீங்கள் அடித்த எதிரி நீங்கள் விலகும்போது ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் அடிக்க முடியாது. மண்ணை வாரிக் கண்ணில் தூவலாம், ஆயுதத்தைத் தட்டிவிடலாம். எதிரியோடு ஒண்டிக்கு ஒண்டி நின்றாலும் ஸ்னீக் அட்டாக் விழும். கூட்டாளிகள் எல்லோரும் தூரத்தில் நிற்பவர்களாக இருந்தால் தீஃப்பைவிட இதுவே மேல். இதற்குக் கரிஸ்மா வேண்டும், ஆகவே விஸ்டமையும் கரிஸ்மாவையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆர்கேன் டிரிக்ஸ்டர் நல்ல பிரிவு, ஆனால் இந்த வழிகாட்டிக்கு அல்ல.

6. லெவல் 4: முதல் ஃபீட்

டெக்ஸ்டெரிட்டியில் 2 கூட்டி 19 ஆக்குங்கள். எதெலின் +1-ஐ எடுக்கப் போவதில்லை என்றால் மட்டும் அத்லீட்: டெக்ஸ்டெரிட்டி 18 ஆகும், தாவும் தூரமும் ஒன்றரை மடங்காகும். ஸ்ட்ரெங்த் 8 பாத்திரத்துக்கு அது பெரிய ஆறுதல்.

அதற்கடுத்த ஃபீட் லெவல் 8-இல். அதற்கு அலர்ட். இனிஷியேட்டிவில் +5. நான்கு முகப் பகடை உருட்டும் கேமில் +5 என்றால் கிட்டத்தட்ட எப்போதும் முதலிடம், யாரும் உங்களை அசந்த நேரத்தில் பிடிக்கவும் முடியாது. அசாசின் என்றால் அலர்ட்டை லெவல் 4-இலேயே எடுத்துவிடலாம். மீதி ஃபீட்களில் சேவேஜ் அட்டாக்கர், மொபைல் இரண்டும் பார்க்கத் தகுந்தவை.

7. லெவல் 5: கணக்குப் பார்க்கும் இடம்

ஸ்னீக் அட்டாக் 3டி6. கூடவே அன்கேனி டாட்ஜ், விழும் ஓர் அடியின் சேதத்தைப் பாதியாக்கும். நெருங்கி நிற்பதற்கான அனுமதிச் சீட்டு இதுதான். இதற்கு முன்னால் கொஞ்சம் கோழைத்தனமாக ஆடினாலும் தப்பில்லை.

தீஃப், டெக்ஸ்டெரிட்டி +4, மூன்று அடியும் விழுந்தால்: வலது கை சராசரி 7.5, ஸ்னீக் அட்டாக் 10.5, இடது கை 3.5-ஆக இரண்டு. மொத்தம் 25. இதில் ஸ்னீக் அட்டாக் மட்டும் பத்தரை. அதை இழந்த முறையில் நீங்கள் பாதி ஆள்.

ஃபைட்டர், ரேஞ்சர் போன்றவர்களுக்கு இந்த லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் கிடைக்கும். ரோக்குக்கு எந்த லெவலிலும் கிடையாது. அடுத்த படியின் கேள்வி இதனால் வருவதுதான்.

8. லெவல் 6-க்கு மேல்: தனி ரோக்கா, கலவையா?

இணையத்தில் யாரைக் கேட்டாலும் கலவை என்பார்கள். கணக்குப் போட்டால் இடைவெளி அவ்வளவு பெரிதில்லை.

லெவல் 12, டெக்ஸ்டெரிட்டி 20, மாயப் பொருள் எதுவும் இல்லாத சாதாரண ஷார்ட்ஸ்வேர்டுகள் என்று வைப்போம். தனித் தீஃப்: வலது கை 8.5, ஸ்னீக் அட்டாக் 21, இடது கை இரண்டும் 7. மொத்தம் 36.5. ரேஞ்சர் 5, தீஃப் 4, ஃபைட்டர் 3 கலவை: எக்ஸ்ட்ரா அட்டாக்கோடு வலது கை இரண்டு அடி 17, ஸ்னீக் அட்டாக் 2டி6 மட்டும் என்பதால் 7, இரு ஆயுத ஃபைட்டிங் ஸ்டைல் இடது கைக்கும் டெக்ஸ்டெரிட்டி சேதத்தைச் சேர்ப்பதால் இடது கை இரண்டும் 17. மொத்தம் 41.

வித்தியாசம் ஐந்துக்கும் குறைவு. ஆனால் கலவை நான்கு அடி, தனித் தீஃப் மூன்று அடி. ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் சேதம் தரும் மோதிரம், விஷப்பூச்சு எல்லாம் கலவையில் நான்கு முறை வேலை செய்யும். ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜ் வேறு இருக்கிறது. பதிலுக்குத் தனி ரோக்குக்கு 4, 8, 10, 12 என நான்கு ஃபீட்கள், கலவைக்கு இரண்டே. லெவல் 7-இன் இவேஷனும் லெவல் 11-இன் ரிலையபிள் டேலன்ட்டும் கலவைக்குக் கிடையாது.

முதல் ஆட்டமென்றால் தனி ரோக்காகவே 12 வரை போங்கள். பூட்டு, பொறி, பேச்சு எல்லாம் இவர் தலையில்தான் என்றாலும் அதுவே சரி. சண்டைதான் முக்கியம் என்றால் கலவை.

கலவைக்கு வரிசை முக்கியம். ரோக் 5 வரை ஏறி அப்படியே ரேஞ்சர் 1, 2 என்று தொடர்ந்தால் எக்ஸ்ட்ரா அட்டாக் மொத்த லெவல் 10-இல்தான் வரும். நடுவில் நான்கு லெவல் நொண்டியடிக்க வேண்டும். அதற்குப் பதில் லெவல் 8 வரை ரோக்காகவே ஏறி, 8-ஐத் தொட்டதும் விதர்ஸிடம் போய் ரேஞ்சர் 5, ரோக் 3 என்று ஒரே மூச்சில் மாற்றுங்கள். ரேஞ்சர் 2-இல் இரு ஆயுத ஸ்டைலைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். ரேஞ்சரின் உட்பிரிவு கிளூம் ஸ்டாக்கர்: இனிஷியேட்டிவில் +3, முதல் முறையில் கூடுதலாக ஓர் அடி. லெவல் 9-இல் ரோக்கின் நான்காவது லெவலை எடுங்கள், ஃபீட் அங்கேதான் இருக்கிறது. மூன்றில் நிறுத்தினால் அது போய்விடும். மிச்ச மூன்றும் ஃபைட்டருக்கு.

9. சண்டைக்கு முந்தைய ஒரு நிமிடம்

குழுவைப் பிரியுங்கள், கணினியில் ஜி விசை. நால்வரும் ஒன்றாகப் பதுங்கிப் போனால் யாராவது ஒருவரின் ஸ்டெல்த் சொதப்பும், எல்லோரும் மாட்டுவார்கள். ரோக் மட்டும் முன்னால், மற்றவர்கள் ஓட்ட தூரத்தில் மறைவாக.

பதுங்கும்போது எதிரிகளின் பார்வை சிவப்பாகத் தெரியும். எதிரிகள் நடமாடுகிறார்கள் என்றால் ஷிஃப்ட்டும் ஸ்பேஸும் அழுத்தி முறை வைத்து ஆடும் நிலைக்குப் போய் ஒவ்வொரு அடியாக நகருங்கள். அவசரம்தான் இங்கே எதிரி.

வாளில் விஷம் பூசுவது, நெருப்பில் தோய்ப்பது இரண்டும் சண்டைக்குள் போனஸ் ஆக்‌ஷன் கேட்கும். வெளியே இலவசம். பூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் பாய்வதற்குச் சற்று முன் பூசுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: எலும்புக்கூடு, இயந்திரம் போன்றவற்றில் விஷம் ஏறாது.

10. உங்கள் முறை வந்ததும்

மேலே உள்ள முகவரிசையைப் பாருங்கள். உங்கள் ஆட்களின் முகங்கள் அடுத்தடுத்து இருந்தால் அவர்கள் ஒரே நேரத்தில் ஆடலாம். யார் முதலில் என்பது உங்கள் விருப்பம். புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. முதலில் நிற்கும் முகம் ரோக் என்பதால் அவரை முதலில் ஓட்டிவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாமல் ஸ்னீக் அட்டாக்கை இழக்கிறார்கள்.

ஓர் உதாரணம். எதிரே ஒரு தளபதி, இருபுறமும் ஒவ்வொரு வீரர். வரிசையில் முதலில் ரோக், அடுத்து லேஸெல், இருவரின் முறையும் சேர்ந்தே வந்திருக்கிறது. முதலில் லேஸெலைத் தேர்ந்தெடுத்துத் தளபதியிடம் ஓட்டுங்கள். அவர் பேட்டில் மாஸ்டர் (ஃபைட்டரின் ஓர் உட்பிரிவு) என்றால் எதிரியைக் கீழே தள்ளும் டிரிப் அட்டாக். தளபதி கீழே விழுந்தால் நெருங்கி அடிக்கும் எல்லோருக்கும் அட்வான்டேஜ். விழவில்லையா, பரவாயில்லை, லேஸெல் 1.5 மீட்டருக்குள் நிற்கிறார். உங்கள் நிபந்தனை எப்படியும் நிறைவேறிவிட்டது.

அவருடைய முறையை முடிக்காமல் அப்படியே ரோக்குக்கு மாறுங்கள். கர்சரைத் தளபதி மேல் வைத்தால் அடி விழும் சதவீதம் தெரியும். 50-க்குக் கீழே காட்டினால் எங்கோ டிஸ்அட்வான்டேஜ் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வலது கை, விழுந்தால் ஸ்னீக் அட்டாக்குக்குச் சரி சொல்லுங்கள். விழவில்லையென்றால் இடது கை. மூன்றாவதாக மிச்சமிருக்கும் போனஸ் ஆக்‌ஷனில் என்ன செய்வது என்பது தளபதியின் ஹெச்பியைப் பொறுத்தது. இன்னொரு அடியில் சாவார் என்றால் அடியுங்கள். இல்லையென்றால் டிஸ்எங்கேஜ் போட்டு லேஸெலுக்குப் பின்னால் போய்விடுங்கள்.

எதிரி சாகும் தறுவாயில் இருந்தால் வரிசையைத் திருப்புங்கள். இடது கையால் முதலில் அடியுங்கள். ஸ்னீக் அட்டாக் பகடை இரண்டு கைக்கும் ஒன்றுதான். அதிலேயே முடிந்துவிட்டால் முழு ஆக்‌ஷனும் அடுத்த ஆளுக்கு மிச்சம். இடது கை அடிக்க முதலில் வலது கையால் அடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த கேமில் இல்லை.

யாரை அடிப்பது? கவசம் போட்ட வீரரை லேஸெலிடம் விட்டுவிட்டு, மந்திரவாதி, வில்லாளி பக்கம் போவதுதான் உங்கள் வேலை. ஆனால் அங்கே கூட்டாளி இருக்கமாட்டாரே? அதற்கு அட்வான்டேஜ் வழி. ஷேடோஹார்ட்டின் கைடிங் போல்ட் விழுந்தால் அந்த எதிரி மீது அடுத்து அடிப்பவருக்கு அட்வான்டேஜ் கிடைக்கும், அந்த அடுத்தவர் நீங்களாக இருங்கள். ஃபேரி ஃபயர் இன்னும் நல்லது, ஒரே வீச்சில் பலர் மாட்டுவார்கள். ஹோல்டு பெர்சன் பிடித்த மனித எதிரியைப் பக்கத்தில் போய் அடித்தால் கிரிட்டிக்கலேதான். ரோக்குக்கு இதைவிட விருந்து கிடையாது.

11. தேடிப் போகத் தகுந்த பொருட்கள்

எல்லாவற்றையும் பட்டியலிட மாட்டேன். ஸ்னீக் அட்டாக்கைத் தவறாமல் விழவைக்கும் பொருள் முதலில், ஒவ்வோர் அடிக்கும் சேதம் கூட்டும் பொருள் அடுத்து, மற்றதெல்லாம் அப்புறம்.

ஆக்ட் 1-இல் அண்டர்டார்க்கின் மைகோனிட் குடியிருப்பில் டெரித் போன்க்ளோக் விற்கும் காஸ்டிக் பேண்ட் மோதிரம், ஒவ்வோர் அடிக்கும் 2 ஆசிட் சேதம். முறைக்கு மூன்று நான்கு முறை அடிப்பவருக்கு இது பெரிய தொகை. கித்யாங்கி கிரஷில் விற்பனைக்கு இருக்கும் நைஃப் ஆஃப் தி அண்டர்மவுன்டன் கிங், கிரிட்டிக்கல் வாய்ப்பைக் கூட்டும் ஷார்ட்ஸ்வேர்டு. காசு சேர்த்தாவது வாங்குங்கள்.

ஆக்ட் 2-இல் மூன்ரைஸ் டவர்ஸில் அராஜ் ஓப்லோட்ரா விற்கும் ரிஸ்கி ரிங். எல்லா அடிக்கும் அட்வான்டேஜ், பதிலுக்கு எல்லா சேவிங் த்ரோவுக்கும் டிஸ்அட்வான்டேஜ். இதைப் போட்ட நாள் முதல் கூட்டாளியை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மந்திரவாதிகள் நிறைந்த சண்டையில் கழற்றி வைப்பது நல்லது, ஒரே மந்திரத்தில் சிலையாகிவிடுவீர்கள்.

ஆக்ட் 3-இல் மர்டர் டிரைப்யூனலில் கிடைக்கும் பாலிஸ்ட் ஆர்மர், பக்கத்தில் 2 மீட்டருக்குள் நிற்கும் எதிரிகளைத் துளைக்கும் சேதத்துக்குப் பலவீனமாக்கும். ஷார்ட்ஸ்வேர்டு, டேகர் எல்லாம் துளைக்கும் வகைதான். சிமிட்டார் பிடித்திருந்தால் லாபமில்லை.

12. அடி விழாதபோது எங்கே பார்ப்பது

ஸ்னீக் அட்டாக் கேள்வியே வரவில்லையென்றால்: ஃபினெஸ் ஆயுதமா, ரியாக்‌ஷன் இயங்குகிறதா, கூட்டாளி உண்மையில் 1.5 மீட்டருக்குள்ளா, இந்த முறையில் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டீர்களா, இந்த வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான். திரையில் ஒட்டி நிற்பதுபோல் தெரிந்தாலும் நடுவில் இடைவெளி இருக்கும். கூட்டாளியை எதிரிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு சண்டையிலும் முதலில் நீங்களே விழுகிறீர்கள் என்றால் முன்வரிசைக்கு முன்னால் ஓடுகிறீர்கள். முதல் சுற்றில் எதிரிகள் உங்கள் டாங்க் (முன்னால் நின்று அடி வாங்கும் ஆள்) மீது பாயட்டும். நீங்கள் முதல் சுற்றில் வில்லை எடுத்து ஓர் அம்பு விட்டாலும் ஸ்னீக் அட்டாக் விழும். இரண்டாம் சுற்றில் வாளோடு நுழையுங்கள்.

சேதம் குறைவாகத் தெரிந்தால் காம்பாட் லாகைத் திறந்து, கடைசி மூன்று முறைகளில் ஸ்னீக் அட்டாக் எத்தனை முறை விழுந்தது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மூன்று என்றால் பொருட்களைப் பாருங்கள். அதற்குக் குறைவென்றால் புது வாள் வாங்கிப் பயனில்லை, 10-ஆம் படிக்குத் திரும்புங்கள்.